லேன் வயரில் நெட் மெதுவாக வருகிறதா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

மொபைலில் வைஃபை பறக்கிறது. அதே வீட்டில், அதே ரூட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்த கம்ப்யூட்டரில் மட்டும் யூடியூப் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. செங்கோட்டை, புளியரை, பண்பொழி, கேரள எல்லை தாண்டினால் ஆரியங்காவு, அச்சன்கோவில் என்று நம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கம்பெனிக்குப் போன் போட்டுப் பிளானை ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் தென்காசிக்குப் போய்ப் புது ரூட்டர் வாங்கி வருவார்கள். இரண்டையும் செய்த பிறகும் வேகம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வைஃபை நன்றாக ஓடி வயர் மட்டும் திணறினால், தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு எண்ணைப் பார்க்கத் தெரிய வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

அதற்கு முன் ஒரு கணக்கு. பிளான் 100 எம்பிபிஎஸ் என்றால் அது விநாடிக்கு 100 மெகாபிட். படமோ ஃபைலோ டவுன்லோடு செய்யும்போது திரையில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோடு விநாடிக்கு 11, 12 மெகாபைட் காட்டினால் உங்களுக்கு முழு வேகமும் வருகிறது. “நூறுக்குப் பணம் கட்டுகிறேன், பதினொன்றுதான் வருகிறது” என்று வரும் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முதல் அளவு

மற்ற எதையும் தொடும் முன் இப்போதைய வேகத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள மொபைல்களின் வைஃபையை அணைத்துவிட்டு, டிவியை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் இணைப்பை வேறு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் ஏதும் ஓடினால் அதையும் நிறுத்திவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். நம் ஊரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு இணைப்பு என்றால் சென்னை, மதுரை போன்ற ஊர்களின் சர்வரையும், எல்லைக்கு அந்தப் பக்கத்து இணைப்பு என்றால் கொச்சி, திருவனந்தபுரம் சர்வரையும் தேர்ந்தெடுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் சில சமயம் எங்கோ இருக்கிற சர்வரைப் பிடித்துக்கொண்டு குறைவான எண்ணைக் காட்டும். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு தடவை அளந்தால் நல்லது. இரவில் மட்டும் வேகம் விழுந்தால் அது வயர் கோளாறு அல்ல, தெருவிலோ கம்பெனியிலோ நெரிசல்.

லிங்க் ஸ்பீடு

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வயரின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள், இணைந்தவுடன் “நாம் எந்த வேகத்தில் பேசிக்கொள்வோம்” என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்கின்றன. அந்த முடிவுதான் லிங்க் ஸ்பீடு. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்ற வரி இருக்கும். அங்கே 1000 அல்லது 100 இருக்கும். மோசமான நாளில் 10 கூட இருக்கும்.

1000 என்றால் ஜிகாபிட் இணைப்பு, நடைமுறையில் சுமார் 940 வரை போகும். 100 என்றால் ஸ்பீட் டெஸ்டில் 94, 95க்கு மேல் ஒருபோதும் ஏறாது. பிளானை 150 ஆக்கினாலும் 300 ஆக்கினாலும் அதே 94தான். இந்த 94 ஒரு கைரேகை மாதிரி. ஸ்பீட் டெஸ்ட் எத்தனை தடவை ஓட்டினாலும் 93, 94, 94 என்று வந்தால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம், நேரே லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 10 என்று காட்டினால் வயரோ அதைச் செருகும் துளையோ (போர்ட்) பழுது என்பதில் அநேகமாகச் சந்தேகமே இல்லை.

உங்கள் பிளானே 40 அல்லது 50 என்றால் லிங்க் 100 ஆக இருப்பது குறையே இல்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு செலவு செய்ய வேண்டாம். ஆனால் லிங்க் 100, பிளான் 50, வருவதோ 8 என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஏன் 1000 போய் 100 ஆகிறது? லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், அதாவது வயர் முனையில் இருக்கும் ஜாக்கின் 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மீதி நான்கு கம்பிகளில் ஒன்று அறுந்தாலும், ஜாக்கில் சரியாகக் கடிக்காமல் இருந்தாலும், கருவிகள் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, நெட்டும் நிற்காது. அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருந்துவிடுகிறது.

மாற்றிப் பார்க்கும் வரிசை

லிங்க் 100 என்று தெரிந்த பிறகு இப்படிப் போங்கள். முதலில் வயரின் இரண்டு முனைகளையும் கழற்றி, ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்படி மறுபடி செருகுங்கள். ஜாக்கின் மேல் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் அது நழுவிக்கொண்டே இருக்கும், அந்த முனையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டியதுதான். சரி, மாறவில்லையா? ரூட்டரில் பக்கத்துத் துளைக்கு மாற்றுங்கள். அதிலும் மாறாவிட்டால், கடையில் இரு முனையும் கம்பெனியிலேயே போட்டு வரும் பேட்ச் கார்டு ஒன்றைக் கடன் வாங்கி, கம்ப்யூட்டரை ரூட்டர் பக்கத்திலேயே கொண்டுபோய் அந்தச் சிறிய வயரில் இணையுங்கள். லேப்டாப் இருந்தால் இன்னும் சுலபம். இப்போது 1000 காட்டினால் குற்றவாளி உங்கள் நீளமான வயர். இன்னமும் 100 என்றால் ரூட்டரோ கம்ப்யூட்டரோ. வேறொரு லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, லிங்க் ஸ்பீடைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

சில கருவிகள் பிறவியிலேயே 100தான். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில், பெட்டியில் வைஃபை வேகம் 1200 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், லேன் துளைகள் மட்டும் 10/100 என்று பொடி எழுத்தில் இருக்கும். 10/100/1000 என்று போட்டிருந்தால்தான் ஜிகாபிட். ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளையும் பெரும்பாலும் 100தான். அதனால் டிவியில் வயரைவிட வைஃபை வேகமாக இருப்பது சாதாரணம், படம் பார்க்க 100 தாராளமாகப் போதும். லேப்டாப்பில் லேன் துளை இல்லாமல் யுஎஸ்பி டாங்கிள் போட்டிருந்தால், அது யுஎஸ்பி 3 வகையா என்று பார்த்து, லேப்டாப்பிலும் யுஎஸ்பி 3 துளையிலேயே செருகுங்கள். நடுவில், ஒரு லேன் வயரைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஸ்விட்ச் பெட்டி ஏதாவது இருந்தால் அதையும் தாண்டி நேரடியாக ஒரு தடவை இணைத்துப் பாருங்கள். ஹாலில் ஷோகேஸ் பின்னால் ஐந்து துளைப் பெட்டி ஒன்று வருஷக்கணக்கில் தூசியோடு கிடக்கும், வீட்டுக்காரருக்கே அது ஞாபகம் இருக்காது.

வயரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

என் அனுபவத்தில் நம் பக்கத்தில் கோளாறு அதிகம் இருப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். வயரின் மேல் உறையில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கேட் 5இ அல்லது கேட் 6 என்று இருந்தால் வீட்டுக்குத் தாராளம், 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். கேட் 7, கேட் 8 என்று விற்பதற்கு வீட்டில் வேலையே இல்லை.

அதே உறையில் சிசிஏ என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். அது அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய வயர். விலை குறைவு, எடையும் குறைவு. மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும், கேட் 5இ, கேட் 6 தரங்கள் இதை ஏற்பதில்லை. எழுத்து இல்லாவிட்டால் ஒரு முனையில் கொஞ்சம் உறையை உரித்து, ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வரைக்கும் செம்பு நிறம் இருந்தால் நல்ல வயர். மேலே செம்பும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அலுமினியம். அறைக்குள் ஐந்து மீட்டருக்கு அது ஓடிவிடும். மொட்டை மாடி ஏறி, தென்னை மரத்தைச் சுற்றி, பின்வீட்டுக்கு 40 மீட்டர் போகும் வேலைக்கு அது ஆகாது.

அடுத்தது ஜாக். நம் ஊரில் வயர் போட வருபவர்கள் பலர் கேபிள் டிவி வேலையிலிருந்து வந்த கைதேர்ந்த தம்பிகள். கம்பம் ஏறுவதில், ஃபைபர் ஒட்டுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் கிரிம்ப் செய்யும்போது, அதாவது ஜாக்கை வயர் முனையில் கடிக்கவைக்கும்போது, சிலர் கம்பிகளை ஜோடி ஜோடியாக, ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று பார்க்க அழகாக அடுக்கிவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் அப்படியே இருந்தால் டெஸ்டர் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் வேகம் வராது.

காரணம் இது. 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் ஒரே ஜோடியைச் சேர்ந்த கம்பிகளாக இருக்க வேண்டும். இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கி வருவதால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து அடிபட்டுப் போகிறது. அழகு வரிசையில் 3-இல் ஒரு ஜோடிக் கம்பி, 6-இல் வேறு ஜோடிக் கம்பி போய்விடும். முறுக்கின் பலன் கெட்டு, ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலக்கும். டெஸ்டர் பார்ப்பது கம்பி தொடர்கிறதா என்பதை மட்டும்தான், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. சிறிய வயரில் ஓடும், நீளம் கூடக் கூடப் பிழை கூடும்.

சரியான வரிசை, ஜாக்கின் நாக்கு கீழேயும் தங்கப் பின்கள் மேலேயும் வயர் உங்கள் பக்கமாகவும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடிக்கு நடுவில் நீல ஜோடி உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். இதன் பெயர் டி568பி. உங்கள் வயரின் ஜாக் கண்ணாடி மாதிரி இருப்பதால் கழற்றிப் பார்த்தாலே நிறம் தெரியும். வரிசை தப்பாக இருந்தால் இரண்டு முனையையும் வெட்டி மறுபடி போடச் சொல்லுங்கள். உள் கம்பிகளின் முறுக்கை ஜாக்குக்கு வெளியே அதிகம் பிரிக்காமல், வெளி உறையும் ஜாக்குக்குள் போய் கடிபடும்படி போடச் சொல்வதும் முக்கியம்.

சாரல், வெயில், இடி

ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் நமக்குச் சாரலைத் தருகிறது. அது வயருக்கு நல்லதல்ல. வீட்டுக்குள் போடச் செய்த சாதாரண லேன் வயரை வெளியே ஓட்டினால், வெயிலில் உறை வெடிக்கும், வெடிப்பில் ஈரம் இறங்கும், ஜாக்கின் பின்களில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். மழைக்காலத்தில் மட்டும் வேகம் குறைந்து, நான்கு நாள் வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது என்றால் இதுதான். வெளியே ஓட்டுவதற்கென்று தடித்த கறுப்பு உறை போட்ட வயர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அணில் கடிப்பதற்கு பிவிசி குழாய் ஒன்றே மருந்து.

ஈரத்தைவிட இடிதான் பெரிய சேதம். சித்திரையில் கோடை மழையோடும், ஐப்பசி, கார்த்திகையிலும் மலையடிவாரத்தில் இடி கடுமையாக இருக்கும். மின்னல் வீட்டில் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே, வெளியே ஓடும் நீளமான செம்பு வயரில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு ரூட்டருக்குள் ஏறும். சில சமயம் ரூட்டரே போகும். சில சமயம் அந்தத் துளை மட்டும் அரைகுறையாகப் பழுதாகும். விளக்கு எரியும், நெட்டும் வரும், லிங்க் மட்டும் 10க்கோ 100க்கோ இறங்கியிருக்கும், அல்லது நிமிஷத்துக்கு ஒரு தடவை விட்டு விட்டு வரும். இடி மழைக்குப் பிறகு வேகம் குறைந்தால் முதலில் துளையை மாற்றிப் பாருங்கள்.

இடிக்கும்போது பலர் கரன்ட் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள். வெளியிலிருந்து வரும் லேன் வயரையும் பிடுங்க வேண்டும், அதுவும் இடி நெருங்கும் முன்பே. வீட்டிலிருந்து கடைக்கோ பின்வீட்டுக்கோ நிரந்தரமாக இணைப்பு வேண்டுமென்றால், செம்பு வயருக்குப் பதில் ஃபைபர் இழுத்து இரு முனையிலும் ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் பெட்டி வைக்கச் சொல்வேன். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஃபைபரைத் தாங்கிக்கொண்டு வரும் இரும்புக் கம்பி கடத்தும். அதை வெளிச் சுவரிலேயே கட்டி நிறுத்த வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

லிங்க் சரியாக இருந்தும் வேகம் இல்லை என்றால்

விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் கட்டத்தில் சி, எம், டி என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் பிங் (ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு உங்கள் ரூட்டரின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அதன் பின் இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறியும் சிறிய டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். நிறுத்த கன்ட்ரோல், சி. ஒவ்வொரு வரியிலும் நேரம் 1 மில்லி விநாடி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ரூட்டர் வரைக்குமே 20, 50 என்று குதித்தாலோ, இடையிடையே டைம்ட் அவுட் வந்தாலோ கோளாறு வீட்டுக்குள்தான், வயருக்கே திரும்பிப் போங்கள். ரூட்டர் வரை சுத்தமாக இருந்து, வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்குப் பிங் அடிக்கும்போது மட்டும் விட்டுப் போனால் கோளாறு வெளியே.

யாரோ எப்போதோ ‘வேகமாக்கித் தருகிறேன்’ என்று கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்பதை 100 ஃபுல் என்று நிலையாக வைத்துவிட்டுப் போயிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் அது இருக்கும். ஒரு பக்கம் நிலையாக வைத்து மறுபக்கம் தானியங்கியாக இருந்தால், தானியங்கிப் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் பேசிக்கொண்டே கேட்கும், மறுபக்கம் பேசினால் கேட்காது. பக்கங்கள் திறக்கும், பெரிய ஃபைல் நகராது. முன்னால் சொன்ன ‘லிங்க் 100, வருவது 8’ என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆட்டோ நெகோஷியேஷன் என்று மாற்றிவிடுங்கள்.

ரூட்டருக்குள் கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று பிரிப்பது), பேண்ட்வித் கன்ட்ரோல், டிராஃபிக் மானிட்டர் போன்றவை ஓடினால் அணைத்துப் பாருங்கள். சிறிய ரூட்டர்கள் அதிக வேகத்தைத் தனி வன்பொருள் வழியாகத் தள்ளுகின்றன. இவற்றை ஓட்டினால் ஒவ்வொரு பாக்கெட்டும் சின்ன பிராசஸர் வழியாகப் போக வேண்டிவரும், 300 பிளான் 150 ஆகும். எல்லாத் துளைகளின் விளக்கும் ஒரே நேரத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னினால், ஒரே வயரின் இரண்டு முனையும் ரூட்டரிலோ ஸ்விட்சிலோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். வீடு பெருக்கும்போது தரையில் கிடந்த முனையை நல்லெண்ணத்தில் யாராவது செருகிவிடுவது நடக்கிறது.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் வாசலில், பின்கட்டில், தோப்பில் என்று கேமராக்கள் இருக்கும். அவை இரவும் பகலும் படத்தைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம். அப்லோடு நிரம்பிவிட்டால் டவுன்லோடும் திணறும், ஏனென்றால் “வந்து சேர்ந்தது” என்று திரும்பிப் போக வேண்டிய சிறு பதில்கள் வரிசையில் மாட்டிக்கொள்கின்றன. கேமரா பெட்டியின் லேன் வயரை ஐந்து நிமிஷம் கழற்றிவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். வேகம் ஏறினால், அசைவு இருக்கும்போது மட்டும் ஏற்றும்படி கேமரா செட்டிங்கை மாற்றுங்கள். தூரத்தில் இருக்கும் மகன் வீட்டைப் பார்ப்பது நிற்க வேண்டாம், தெளிவை ஒரு படி குறைத்தாலே போதும்.

தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினால் வேகம் கூடும் என்று பலரும் சொல்வார்கள். 1.1.1.1 அல்லது 8.8.8.8 வைத்தால் பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் குறையலாம். டவுன்லோடு வேகம் அதனால் கூடாது.

கம்பெனிக்குப் போன் செய்யும்போது

வைஃபை, வயர் இரண்டுமே மெதுவாக இருந்து, ரூட்டர் வரை பிங் சுத்தமாக இருந்தால் இனி அவர்கள் வேலை. அதற்கு முன் இந்த மாத டேட்டா அளவைப் பாருங்கள். அன்லிமிடெட் என்று விற்கும் பல வீட்டுப் பிளான்களில் 3300 ஜிபி போன்ற ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் மாதம் முடியும்வரை வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் மஞ்சள் வயர் ஆணியில் மடங்கியோ, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியோ இருந்தால் மெதுவாக விடுவித்து அகல வளைவாக விடுங்கள். அந்த ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

“நெட் ஸ்லோ” என்று மட்டும் சொன்னால், ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்ற பதில்தான் வரும். தாளில் எழுதியதைப் படியுங்கள்: “லிங்க் 1000 இருக்கிறது, பேட்ச் கார்டு மாற்றிப் பார்த்தாயிற்று, ரூட்டர் வரை பிங் 1 மில்லி விநாடி, 8.8.8.8-க்கு நூற்றுக்குப் பத்து விடுகிறது, காலையில் 96, இரவில் 12.” அப்புறம் ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம், எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். அது மைனஸில் வரும் எண். மைனஸ் 18, 20 என்றால் நன்றாக இருக்கிறது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் வீட்டு ஃபைபர் இணைப்புக்கு வைக்கும் வழக்கமான ஜிபான் வகைப் பெட்டி திணறும், வழியில் எங்கோ ஒட்டுப் பழுது அல்லது வளைவு இருக்கிறது. அப்படியானால் ரூட்டரை மாற்ற ஆள் வர வேண்டாம், லைனைப் பார்க்க, ஃபைபர் ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வரட்டும் என்று புகார் எண்ணோடு பதிவு செய்யச் சொல்லுங்கள்.